அல்பெர்கேரியாவில் சிப்பிமுனைக் கரண்ட்

பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லறோ சந்தைக்குப் பின்புறத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கும் செல்வமலரின் வீட்டுக்கு மட்டும் மன்னார்த் தீவின் சிப்பிமுனைக் கிராமத்துக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. சிப்பிமுனையில் கரண்ட் நின்றால் செல்வமலர் வீட்டிலும் நின்றது; அங்கே வந்தால் இங்கேயும் வந்தது. மேல் வீட்டில் தொலைக்காட்சி பாடும், கீழ் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெசின் உருளும், நடு வீடு மட்டும் இருண்டு கிடக்கும். இரண்டு ஊருக்கும் இடையில் சில கடல்களும் ஒரு பாலைவனமும் பல நாடுகளும் இருக்கின்றன. வயர் எதுவும் இல்லை. இது தொடங்கியது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, இலங்கையில் டொலர் முடிந்து, எண்ணெய் முடிந்து, ஊர்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து அட்டவணை போட்டுக் கரண்டை வெட்டிய மாதத்தில். பலேர்மோவில் இருந்த எங்கள் ஆட்களில் பலர் ஊருக்குப் போன் எடுக்கும் முன் செல்வமலரின் யன்னலை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். யன்னல் இருட்டென்றால் போன் எடுத்துப் பயனில்லை, அங்கே ஒருவருடைய போனிலும் சார்ஜ் இருக்காது.

முதலில் எல்லோரும் வயரைத்தான் சந்தேகித்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு எலெற்றீசியனை அனுப்பினார். அவன் சுவரைக் கிளறிப் பழைய வயரை இழுத்தெறிந்து, புதிது ஓட்டி, எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டு ஏணியால் இறங்கும்போதே வீடு இருண்டது. அவன் சிலுவை போட்டுக்கொண்டு போனவன், சாமானை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. எதிர்வீட்டுத் துனீசியக்காரன் ஹெடி தன் குசினியிலிருந்து ஒரு நீள வயர் இழுத்துக் கொடுத்தான். வாசற்படி வரைக்கும் அந்த வயரில் கரண்ட் இருந்தது. படியைத் தாண்டி உள்ளே வந்ததும் செத்துவிட்டது. வெளியே எடுத்தால் உயிர் வந்தது. உள்ளே வைத்தால் செத்தது. ஹெடி இதைப் பல தடவை செய்து பார்த்துவிட்டு, வயரைச் சுருட்டிக்கொண்டு, "சிஞ்ஞோரா மலர், இது கரண்டின் பிழை இல்லை, உன்னுடைய வாசலுக்கு வேறு நாட்டுச் சட்டம்" என்றான். உண்மையைக் கண்டுபிடித்தவள் செல்வமலர்தான். ஒருநாள் சிப்பிமுனையிலிருக்கும் தங்கச்சி மாக்கிரட்டோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, இந்தா போயிட்டுது" என்று மாக்கிரட் சொன்னாள், இங்கேயும் பல்ப் நின்றது. பிறகு வந்தபோதும் இருவரும் ஒரே மூச்சில் "வந்திட்டுது" என்றார்கள்.

வெறும் இருட்டென்றால் செல்வமலர் தாங்கிக்கொண்டிருப்பாள். ஊரில் சண்டைக்காலம் முழுக்கக் குப்பி விளக்கில் இருந்தவள் அவள். ஆனால் அந்த வீட்டில் அவளுடைய புருசன் அருளையா ஒரு மெசினோடு படுத்திருந்தார். இருபது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் கப்பல் வயிற்றுக்குள் இறங்கிச் சிமெந்துத் தூசும் தானியத் தூசும் கூட்டி அள்ளியவர். நெஞ்சு கல்லாகிப்போனது. கட்டிலடியில் இருந்த மெசின் அறைக் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, குழாயால் மூக்குக்குக் கொடுத்தது. கரண்ட் நின்றால் மெசின் நிற்கும், மெசின் நின்றால் அருளையா நிற்பார். ஆஸ்பத்திரி கொடுத்த சிலிண்டர் ஒன்று மூலையில் இருந்தது, அது அவசரத்துக்கு மட்டும். கொழும்பில் யாரோ ஒருவர் குளிரறையில் இருந்து போட்ட அட்டவணைக்குப் பலேர்மோவில் ஒரு மனுசன் மூச்சு விட வேண்டியிருந்தது. இதை யாரிடம் போய் முறையிடுவது? குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் சொன்னால் பேர்மெசோவை, அதுதான் வதிவிட அனுமதியை, பறித்தாலும் பறிப்பார்கள். இலங்கைத் தூதரகத்தில் சொன்னபோது, வெளிநாட்டில் வதிபவர்களுக்கு மின்வெட்டு பொருந்தாது என்று பதில் வந்தது. ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் ஹெடியும் அவன் மனைவி மப்ரூக்காவும் வந்து, அருளையாவைக் கதிரையோடு தூக்கித் தங்கள் வீட்டில் வைத்தார்கள். மெசினை அங்கே பிளக்கில் போட்டதும் அது ஒழுங்காக ஓடியது. நாளில் பாதி அங்கேதான் கழிந்தது. அருளையா அரபுப் பாட்டு கேட்கவும், ஹெடி கருவாட்டுக் குழம்பு தின்னவும் பழகினார்கள்.

வீடு மாறிப் பார்க்கவில்லையா என்று பலர் கேட்டார்கள். மாறினார்கள். நகரத்தின் இன்னொரு பக்கத்தில், சீசா என்ற பகுதியில், லிப்ட் உள்ள ஒரு தொடர்மாடிக்குப் போனார்கள். போன அன்றே அந்த வீடும் சிப்பிமுனை அட்டவணைக்கு மாறிவிட்டது, விட்டு வந்த வீட்டில் வெளிச்சம் நிலையாக எரிந்தது. சீசாவில் கதிரை தூக்க ஹெடி இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் கண்ணாடித் துளையால் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்கள். கரண்ட் வீட்டைப் பார்த்து வரவில்லை, செல்வமலரைப் பார்த்து வந்தது என்று அப்போது தெரிந்தது. அவள் வேலைக்குப் போகும் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் ஏன் இருளவில்லை என்றால், அது அவள் துடைக்கிற வீடு, அவள் படுக்கிற வீடு இல்லை. கரண்டுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.

பிறகு எண்ணெய் வந்தது, வெட்டுக் குறைந்தது. அடுத்த வருடக் கோடையில் பலேர்மோவைச் சுற்றி மலைகள் எரிந்து, வெக்கை தாங்காமல் நகரத்தின் கரண்டே படுத்தபோது, ஒழுங்கை முழுவதும் இருட்டாக, செல்வமலர் வீட்டில் மட்டும் லைற் எரிந்தது. அன்று சிப்பிமுனையில் வெட்டு இல்லை. ஒழுங்கைச் சனம் இறைச்சியையும் மருந்தையும் ஐஸ்கிறீமையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து அவள் பிரிட்ஜில் அடுக்கியது. தான் வாய்க்குள் வைத்துத் தின்னாத சீஸ் எல்லாம் தன் பிரிட்ஜில் இருந்ததென்று செல்வமலர் சொல்வாள். அதற்குப் பிறகு ஒழுங்கையில் அவளைப் பார்த்து யாரும் சிலுவை போடவில்லை.

இப்படிக் கொஞ்சக் காலம் ஒருமாதிரி நின்றது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு வெளிக்கிடும் நேரத்தில் வீடு இருண்டது. போன் எடுத்தால், சிப்பிமுனை மட்டுமல்ல, நாடே இருட்டு. ஒரு குரங்கு மின்நிலையத்தில் எதையோ தொட்டுவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். குரங்கு பாவம், அதற்கு என்ன தெரியும். ஒரு குரங்கு கை வைத்தால் இருபது மில்லியன் சனம் இருண்டுபோகிற மாதிரி ஒரு நாட்டை வயரால் கட்டிவைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களே கேள்வி கேட்கப் பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் நாலு பேர். நாட்டின் மின்சார எதிர்காலம் பற்றி வெளிநாட்டில் உள்ள மக்களோடு கலந்துரையாட வந்த ஆலோசகர்கள் என்று, கோயில் சங்கத் தலைவர் கிறிகோரி ஒலிவாங்கியில் அறிமுகம் செய்தார். எதற்கெடுத்தாலும் எதிர்காலம் எதிர்காலம் என்றதால் எங்கள் சனம் அவர்களுக்கு எதிர்காலத்துக்காரர் என்று பேர் வைத்தது. கோயில் மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். நிலக்கரி ஒரு தெரிவு, காஸ் ஒரு தெரிவு, பக்கத்து நாட்டிலிருந்து கடலடியால் கேபிள் ஒரு தெரிவு, மன்னார்க் காற்று ஒரு தெரிவு, வெயில் ஒரு தெரிவு. ஒவ்வொன்றுக்கும் பச்சையிலும் சிவப்பிலும் வட்டங்கள். பெரியவர் போலிருந்த ஆலோசகர் நல்ல தமிழில்தான் பேசினார், அதில் ஒரு சொல்லும் காலில் தட்டுப்படாத தமிழ். வீடு துடைத்துவிட்டு, கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்த சனம் கதிரைகளில் கண் சொருகியபடி இருந்தது.

விமலராணி என்பவள் எழுந்தாள். அவள் எழுந்தால் கிறிகோரி தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். "சேர், நிலக்கரிக் கப்பல் வராட்டி இருட்டு. காஸ் கப்பல் வராட்டி இருட்டு. பக்கத்து நாட்டுக்காரன் கோவிச்சால் இருட்டு. காத்தடிக்காட்டி இருட்டு. உதிலை எந்த இருட்டை எங்களைத் தெரிவு செய்யச் சொல்லுறியள்?"

மண்டபம் சிரித்தது. நல்ல கேள்வி என்று ஆலோசகர் சொல்லி, அடுத்த படத்துக்குப் போனார். அதில் ஆபத்துகள் என்று தலைப்பு. செல்வமலர் பின்வரிசையிலிருந்து, அது யாருக்கு வருகிற ஆபத்து என்று கேட்டாள்.

"முதல் போடுறவைக்கு, அம்மா."

"அப்ப எங்கடை சனத்துக்கு வாறதுக்கு என்ன பேர்?"

"அது சமூகத் தாக்கம். அதுக்குத் தனிப் படம் இருக்கு. நேரம் இருந்தால் காட்டுவம்."

நேரம் இருக்கவில்லை. றோல்சும் தேத்தண்ணியும் வந்துவிட்டன. குரங்குக்கு எந்தப் படம் என்று யாரோ பின்னாலிருந்து கேட்டபோது ஆலோசகர் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இதோடு அவர்கள் விமானம் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கிறிகோரிக்குத் துரைமாரோடு கதைப்பது என்றால் நாக்கில் தேன். றோல்ஸ் நீட்டிக்கொண்டே, எங்கடை ஆள் ஒருவரின் வீட்டுக்குக் கேபிளே இல்லாமல் ஊர்க் கரண்ட் வருகிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலை நாலு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடியில் நின்றார்கள்.

பல்பை அளந்தார்கள், பிளக்கை அளந்தார்கள், சிப்பிமுனைக்கு ஆள் அனுப்பி அங்கே ஒரு மெயின் சுவிச்சை நிறுத்திப் போடவைத்து இங்கே பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஆலோசகர் செல்வமலரின் குசினிச் சுவரைக் கையால் தடவினார், மாட்டை விலை பேச வந்தவர் தடவுவதுபோல. உலகத்தில் ஒரு நாடும் செய்யாததை நாங்கள் செய்திருக்கிறோம் என்றார். அவர் செய்தது என்ன என்று கேட்க அருளையாவுக்கு மூச்சு இருக்கவில்லை. அதுவரை அது செல்வமலரின் தலைவிதியாக இருந்தது, அன்று பின்னேரம் நாட்டின் சொத்தாகிவிட்டது. சிப்பிமுனைக்கு மேலே அப்போது காற்றாலைகள் நின்றன. மீன் காயப்போட்ட கரையில், பனைகளை விட உயரமாக, வரிசையாக. காற்றுக் கரண்டைச் செல்வமலரின் பிளக்கால் எடுத்து ஐரோப்பாவுக்கு விற்றால் கேபிள் செலவு இல்லை, கப்பல் இல்லை, பக்கத்து நாட்டின் கோபம் இல்லை. எல்லா வட்டமும் பச்சை.

செல்வமலர் மாக்கிரட்டைப் போனில் கேட்டாள். மாக்கிரட் சொன்னாள்: "அக்கா, தலைக்கு மேலை காத்தாடி சுத்துது, கீழை எங்கடை வீட்டிலை இப்பவும் கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் கரண்ட் போகுது. காத்தாடி உச்சியிலை ஒரு சிவப்பு லைற் இருக்கு. அதுக்கு மட்டும் ஒருநாளும் போறேல்லை. றோட்டை உயத்திப்போட்டாங்கள், மழைத்தண்ணி முத்தத்திலை நிக்குது. அவங்களோடை என்னத்தையும் கதைக்கிறதெண்டால் அத்தானை நினைச்சுக் கதை. எங்களை யோசியாதை."

அத்தானை நினைத்துத்தான் செல்வமலர் ஆலோசகரோடு கதைத்தாள். ஆலோசகர் வாக்குக் கொடுத்தார், இந்த வீட்டில் இனி ஒரு நிமிடமும் கரண்ட் நிற்காது, ஐயாவின் மெசின் தேசிய முக்கியத்துவம் உடையது என்று. ஊருக்கு என்ன நடக்கும் என்றாள். ஊருக்கு ஒரு பிரச்சினையும் வராது, மிச்சக் கரண்டைத்தான் எடுப்போம் என்றார். மிச்சம் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் நம்பியிருக்கக்கூடாது. பெரிய இடத்தில் மிச்சம் என்றால், ஏழைக்குக் கொடுக்காமல் வைத்தது என்று பொருள். ஆனால் கதிரை தூக்கித் தூக்கி ஹெடியின் இடுப்பும் போயிருந்தது. அருளையாதான் மறித்தார்.

"உவங்கள் தாற காத்தை இழுத்துக்கொண்டு நான் இனி என்னத்தைக் கிழிக்கப்போறன்?"

"நீங்கள் மூச்சை இழுங்கோ," என்றாள் செல்வமலர். "கிழிக்கிறதைப் பிறகு பாப்பம்."

ஐப்பசி மாதத்தில் வேலை தொடங்கியது. குசினியிலிருந்து மனுசன் தொடையளவு கேபிள் ஒன்று முன்வாசலால் போய், படிக்கட்டால் இறங்கி, ஒழுங்கையில் வைத்த ஒரு தகரக் கூண்டுக்குள் நுழைந்தது. ஒழுங்கையில் கேபிள் போட மாநகரசபை எப்படி அனுமதி கொடுத்தது என்று கேட்டுப் பயனில்லை. ஒரு பல்கனியில் பூச்சட்டி வைக்க மூன்று வருடம் அலைந்தவர்கள் அந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள். செல்வமலரின் வாசலுக்கும் ஹெடியின் வாசலுக்கும் இடையில், படிக்கட்டு மேடையில், ஒரு சாம்பல்நிறப் பெட்டியைப் பொருத்தினார்கள். அதில் ஒரு பெரிய கைபிடி. மேலே தள்ளினால் வீட்டிலிருந்து வெளியே கரண்ட் போகும். நடுவில் வைத்தால் நிற்கும். கீழே தள்ளினால் வெளியே இருந்து உள்ளே வரும். பெட்டி செய்தவன் எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தான் செய்வானாம், இங்கே அது தேவைப்படாது என்று சொல்லிப் பேரும் ஒட்டாமல் விட்டார்கள். கீழ்ப்பக்கத்தில் சின்னதாக ஒரு பல்ப் படம் மட்டும் இருந்தது.

பரிசோதனை நாளில், மிலானோவிலிருந்து கரண்ட் வாங்குகிற ஆட்கள் இரண்டு பேர் மினுங்கும் சப்பாத்தோடு வந்து குசினியில் நின்றார்கள். அவர்களுக்காகப் படம் காட்டும் மெசினையும் கிறிகோரி காவி வந்திருந்தார். பெரிய கரண்டுக்குக் கிட்ட ஒட்சிசன் இருக்கக்கூடாது என்று சிலிண்டரைக் கீழ்மாடிக்கு இறக்கியிருந்தார்கள். கேபிள் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது, கதிரை போக வழியில்லை. ஐயாவுக்கு இன்று வழி தேவையில்லை என்றார் ஆலோசகர். கைபிடியை மேலே தள்ளினார்கள். ஒழுங்கைக் கூண்டில் ஒரு லைற் வரிசை எரிந்தது, கிறிகோரி கைதட்டினார். ஆனால் வாங்க வந்தவர்கள் பெருவிரலைச் சுட்டுவிரலில் உரசிக் காட்டி, காணாது என்றார்கள். ஆலோசகர் பல்கனிக்குப் போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தார். இந்தப் பக்கம் கூடுதலாக வரவேண்டுமென்றால் அந்தப் பக்கம் யாருக்காவது குறைக்க வேண்டும். அவர்கள் தேடிக் குறைத்த இடம், காற்றாலைக்குக் கீழே கிடந்த ஊர். சிப்பிமுனையை வெட்டினார்கள்.

வெட்டியதும் செல்வமலர் வீடு இருண்டது. கூண்டு இருண்டது. மெசின் ஒரு இழுப்போடு நின்றது. படித்தவர்கள் நாலு பேர், மாதக்கணக்கில் அளந்தவர்கள், இதை யோசிக்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்தது காற்றாலைக் கரண்ட் இல்லை, சிப்பிமுனைச் சனத்தின் கரண்ட். அந்தச் சனத்துக்கு இருந்தால் இங்கே இருந்தது. அவர்களிடமிருந்து பறித்து இங்கே தர வழி இருக்கவில்லை. இது ஆலோசகருக்கு அந்த நேரத்திலாவது விளங்கியிருக்க வேண்டும். அவர் போனில், இன்னும் கொஞ்சம் வெட்டு, பக்கத்து ஊரையும் வெட்டு, கரண்ட் வழி தேடுது என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

மாக்கிரட் போனில் வந்தாள். "அக்கா, எங்களுக்கு வெட்டிப்போட்டாங்கள். அத்தான் எப்பிடி?"

அத்தானின் உதடு நாவற்பழம் தின்ற நிறத்துக்கு வந்திருந்தது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்பாலும் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். சிலிண்டர் எடுக்கக் கீழே ஓடிய வேலையாள் ஒருவன் கேபிளில் தடக்கி விழுந்தான். செல்வமலர் ஆலோசகரின் கையைப் பிடித்து, ஊருக்குக் கரண்டைக் குடுக்கச் சொல்லுங்கோ என்றாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இது பரிசோதனை."

ஹெடி கதிரை தூக்க வந்தவன், உள்ளே வரமுடியாமல் மேடையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். செல்வமலர் வாசலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"உந்தச் சனியனை நூர் ஹெடி, நூர்."

நூர் என்றால் எங்கள் பேச்சில் அணை என்று கருத்து. விளக்கை நூர், லைற்றை நூர் என்போம். அவள் சொன்னது, கைபிடியை நடுவுக்கு எடுத்து அவர்களுடைய வியாபாரத்தை நிறுத்து என்று. ஆனால் ஹெடியின் அரபில் நூர் என்றால் வெளிச்சம். எத்தனையோ வருடமாக ஒவ்வொரு இரவும் படுக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "நூருங்கோ" என்று செல்வமலரின் குரல் கேட்க, இந்தக் கிறிஸ்தவச் சனம் எவ்வளவு பக்தியோடு வெளிச்சத்தைக் கூப்பிட்டுவிட்டுப் படுக்கிறது என்று அவனும் மப்ரூக்காவும் தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்களாம். கூப்பிட்டதும் அவர்கள் வீடு இருண்டுபோவதை அவன் கண்டிருக்கிறான். இலங்கைக் கரண்ட், சொல் கேளாது என்று நினைத்துக்கொண்டான். அவன் பெட்டியில் பல்ப் படத்தைப் பார்த்தான். "நூர்," என்று தானும் சொல்லிக்கொண்டு, கைபிடியை நடுவைத் தாண்டி, கீழே அடிவரைக்கும் இரண்டு கையாலும் தள்ளினான்.

சொன்னவளின் கருத்தும் நடந்தது, கேட்டவனின் கருத்தும் நடந்தது. வியாபாரம் நூர்ந்தது. வீட்டில் வெளிச்சம் வந்தது. மெசின் ஒரு உறுமலோடு இழுக்கத் தொடங்கியது. ஒழுங்கையின் கரண்ட், பலேர்மோக் கரண்ட், அந்த வாசற்படியை முதல்தரம் தாண்டி உள்ளே வந்து, வந்த வேகத்தில் வீட்டோடு நிற்காமல் அப்பாலும் ஓடியது. போன் இன்னும் செல்வமலரின் கையில் இருந்தது. மாக்கிரட் சொன்னாள், "அக்கா, வந்திட்டுது. ஆனால் இது எங்கடை கரண்ட் இல்லை. பல்ப் நடுங்காமல் எரியுது. றேடியோவிலை ஆரோ இத்தாலியனிலை கத்துறான்." அது பலேர்மோவின் கால்பந்து. பலேர்மோ தோற்றுக்கொண்டிருந்தது. ஊரையே வெட்டிவிட்டதாகக் கொழும்பில் நின்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, சிப்பிமுனையில் வீட்டுக்கு வீடு லைற் எரிந்தது.

அருளையாவின் உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் எடுத்தது. அதுவரை செல்வமலர் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகுதான் எழுந்து வெளியே வந்தாள். ஆலோசகர் பெட்டிக்கு முன் நின்று, இது அனுமதியில்லாத இறக்குமதி, நாட்டின் திட்டத்தில் இதற்கு இடமில்லை, நாடு அந்நியக் கரண்டில் தங்கியிருக்க நேரும், இது பெரிய ஆபத்து என்று சொல்லிக் கைபிடியில் கை வைத்தார்.

"கையை எடுங்கோ சேர்," என்றாள் செல்வமலர். குரல் உயரவில்லை. "உங்கடை எதிர்காலத்தைக் கொண்டுபோய் வேறை ஆரின்ரையும் குசினியிலை வையுங்கோ. இதிலை ஆக்கள் மூச்சு விடுகினம்."

ஹெடி ஒன்றும் விளங்காமல், ஆனால் எல்லாம் விளங்கியவன்போல, பெட்டிக்கும் ஆலோசகருக்கும் இடையில் தன் இடுப்பு வருத்தத்தோடு வந்து நின்றான். மிலானோ ஆட்கள் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிறிகோரி துரைமாரின் பைகளைக் காவிக்கொண்டு பின்னால் போனார். விமலராணி கீழ்ப்படியில் நின்று, "தலைவர், படம் காட்டுற மெசினை விட்டிட்டுப் போறியள்," என்று நினைவுபடுத்தினாள்.

நடந்த அநியாயம் அதோடு முடியவில்லை. சிப்பிமுனை தங்களிடம் கரண்ட் கேட்காமல் இருக்கிறது என்று தெரிந்ததும், இரண்டு மாதத்துக்குள் மின்சார சபை ஆட்கள் வந்து ஊரின் ட்ரான்ஸ்போமரைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போஸ்டுகளில் இருந்த வயரையும் சுருட்டினார்கள். சனம் மறித்தபோது, உங்களுக்குத்தான் வருகிறதே என்றார்களாம். நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி எங்கேயோ ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கூட்டத்தில், தன் காலில் நிற்கும் முதல் கிராமம் என்று சிப்பிமுனையின் படத்தைக் காட்டினார்களாம், காற்றாலைகள் பின்னால் தெரிய. காற்றாலைக் கரண்ட் ஊருக்கு மேலால் போய், கடைத்தெருவுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போகிறது. கீழே உள்ள ஊர், பலேர்மோவில் ஒரு கூலிக்காரன் வீட்டு வாசலில் இருக்கும் ஒரு கைபிடியில் தொங்குகிறது. அந்தக் கைபிடியை யாராவது ஒருவர் எடுத்தால் ஒரு ஊர் இருளும். இதைத்தான் ஆலோசகர் பெட்டிக்கு முன் நின்று பெரிய ஆபத்து என்று சொன்னவர். செல்வமலர் அடுத்த ஆவணியில் ஊருக்குப் போய் மடுமாதா கோயில் திருவிழாவைக் காண ரிக்கற் எடுத்து வைத்திருந்தாள். கரண்ட் அவளைப் பார்த்து வருகிற கரண்ட், அவள் அங்கே போய்ப் படுத்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பரிசோதிக்க ஒருவரும் விரும்பவில்லை. ரிக்கற்றை விமலராணியின் பேருக்கு மாற்றிக் கொடுத்தாள். மெழுகுதிரிக் காசையும் அவளிடமே கொடுத்து வைத்தாள்.

தை மாதத்தில் கரண்ட் கொம்பனியிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். ஓய்வுக்குக் கிட்டிய வயது, சளைத்த முகம். இந்த வீடு இழுக்கிற அளவுக்கு ஒரு தொழிற்சாலைகூட இழுக்காதே என்றார். எல்லா அறையையும் பார்த்தார். ஒரு பிரிட்ஜ், ஒரு மெசின், மூன்று பல்ப். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். செல்வமலர் வாழ்க்கையில் பாதியைக் குவெஸ்தூராக் கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று கழித்தவள், உத்தியோகத்தரிடம் பொய் சொல்லப் பயம். இங்கே இரண்டு பேர், அங்கே ஒரு ஊர் என்றாள். அவர் விளங்காமல் பார்க்க, போனில் மாக்கிரட்டைக் கூப்பிட்டாள். மாக்கிரட் போனைத் தூக்கிக்கொண்டு முற்றம், ஐஸ் பெட்டிகள், வலை பின்னும் ஆட்கள், படிக்கிற பிள்ளைகள், கோயில் முன்விளக்கு எல்லாவற்றையும் காட்டினாள். கரண்ட் கொம்பனிக்காரருக்குக் கையும் காட்டினார்கள். அவர் தானும் கை காட்டினார். கட்டிலில் இருந்த அருளையாவின் மூக்குக் குழாயைப் பார்த்தார். கைபிடியைப் பார்த்தார். பிறகு பேனையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "ஃபமீலியா நுமெரோசா" என்றார். பெரிய குடும்பம் என்று கருத்து. ஒரு கிளாஸ் தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. அதற்கென்று ஒரு பில்லும் வரவில்லை, கேட்க ஒருவரும் போகவில்லை.

பலேர்மோவில் பின்னேரம் இரண்டரை மணி என்றால் சிப்பிமுனையில் பொழுது படுகிற நேரம். எல்லா வீட்டிலும் ஒன்றாக லைற் போடுவார்கள், சோற்று மெசின் போடுவார்கள். அந்த நேரத்தில் ஒழுங்கை முழுவதும் கரண்ட் கொஞ்சம் தாழும். கோப்பிக் கடையின் மெசின் இழுத்து இழுத்துப் பேசும். மூலைச் சலூன்காரர் மெசினை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பார். தலை கொடுத்துக்கொண்டு இருப்பவர் ஏன் என்று கேட்பதில்லை. மூன்றாம் மாடியில் அருளையாவின் மெசினும் தாழ்ந்து இழுக்கும். செல்வமலர் எழுந்து அதைப் பார்க்கப் போனால் அவர் கையால் மறிப்பார்.

"இரும். மாக்கிரட் உலை வைச்சிட்டாள்."

சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்து, சின்னச் சின்ன மூச்சாக, அவசரமில்லாமல் இழுத்துக்கொண்டிருப்பார். அங்கே சோறு வெந்ததும் மெசின் பழையபடி ஓடும்.